நேற்று இறக்கிய கொடி

"மாமா, நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவள் போட்ட சத்தத்தில் மாமா பதறிப்போய் பிரேக்கை அழுத்தினார். பின்னால் வந்த தண்ணீர் கேன் வண்டிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். மாமா ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். மயானத்தில் குழி வெட்டி முடிந்ததா என்று பார்த்துவிட்டு இருவரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தம்பியைக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்த நேரத்தில் நடுரோட்டில் இவளுக்கு என்ன வந்தது என்று மாமாவின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"என்ன, எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?"

"மேல பாருங்க."

நகராட்சி அலுவலகத்தின் முன்னால், கம்பத்தின் உச்சியில் கொடி பறந்துகொண்டிருந்தது. சுருக்கமில்லாமல், ஜம்மென்று, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல.

"கொடி பறக்குது. அதுக்கென்ன இப்போ?"

"உச்சியில பறக்குது மாமா. நேத்து பாதிக் கம்பத்துல இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

மாமா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சாலை நெடுக்கப் பார்த்தார். மின்வாரியம், தபால் ஆபீஸ், பத்திரப் பதிவு, கோடியில் கோர்ட்டு. ஊரில் உள்ள அரசாங்கம் மொத்தமும் அந்த ஒரு சாலையில்தான் இருந்தது. எல்லாக் கொடியும் உச்சியில்.

"நேத்தோட முடிச்சுட்டாங்க போல," என்றார்.

"யாருக்கு முடிச்சாங்க? அவன் இன்னிக்குத்தானே வர்றான்!"

பெரியவளுக்குக் கொடியின் மேல் தனியாகப் பிடிப்பு ஒன்றும் கிடையாது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்குகிறவர்களோடு பொழுது முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டையை வளர்த்தவள். இந்தச் சாலையில் தினமும் போகிறாள், வருகிறாள். கம்பத்தில் கொடி இருக்கிறதா, துண்டு காய்கிறதா என்று நிமிர்ந்து பார்க்க நேரம் இருந்ததில்லை. ஆனால் இது அம்மா விஷயம்.

தம்பி ராணுவத்தில் லாரி ஓட்டினான். ஆள் ஆறடி, வீட்டில் கூப்பிடுவது சுண்டு. லீவில் வரும்போது, "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்கிறவர்களிடம், "நான் துப்பாக்கியைத் தொட்டதைவிட ஸ்டெப்னியைத் தொட்டதுதான் ஜாஸ்தி" என்று சிரிப்பான். மலைமேல் காவல் இருக்கிறவர்களுக்குச் சாமான் ஏற்றிப் போன லாரிகளின் மேல் மண் சரிந்தது. அதில் ஒன்று அவனுடையது. செய்தி வந்த அன்று துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டுக்காரி, குரலைத் தாழ்த்திவிட்டதாக நினைத்துக்கொண்டு, "சண்டையிலயா போனான்? லாரி கவுந்துதானே? இங்க பைபாஸ்ல தினம் ஒண்ணு கவுருது," என்றாள். அது அம்மா காதில் விழுந்து தொலைத்தது. அதற்குப் பிறகு அம்மா அழவும் இல்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அந்த எதிர்வீட்டுக்காரியின் நாக்கை நினைக்க நினைக்கப் பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் டிவியில் சொன்னார்கள். மண்சரிவில் இறந்த ராணுவத்தினருக்கு மரியாதையாக, அவரவர் சொந்த மாவட்டத்தில், அடக்கம் நடக்கும் நாளில் எல்லா அரசுக் கட்டடங்களிலும் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அம்மா அப்போதுதான் தலையைத் திருப்பினாள்.

"எல்லா ஆபீசுலயுமா?"

"எல்லா ஆபீசுலயும்தாம்மா."

"கோர்ட்டுலயும்?"

"கோர்ட்டு என்ன, ஆகாசத்துலயா இருக்கு? அங்கயும்தான்."

"அப்போ என் பிள்ளை சும்மா சாகலைன்னு கவர்மென்ட்டே ஒத்துக்குது," என்று சொல்லிவிட்டு அம்மா காப்பியை வாங்கிக் குடித்தாள்.

அடக்கம் நேற்று என்றுதான் குறித்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுண்டு இருந்த விமானம் மட்டும் பனிமூட்டத்தில் கிளம்ப முடியாமல் நின்றுவிட்டது. நேற்று பெரியவள் இந்தப் பக்கமாக வந்தபோது கொடிகள் பாதியில் இறங்கி நின்றதைப் பார்த்துவிட்டுப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அவன்கூட வண்டியில போறப்ப எனக்குக் காட்டுவியா?" என்று கேட்டாள். "காட்டறேம்மா, ஒவ்வொண்ணா காட்டறேன்" என்று இவளும் சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்து மயானத்துக்குப் போக இந்தச் சாலையை விட்டால் வேறு வழியில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க மாமா. நான் உள்ள போய்ச் சொல்லிட்டு வர்றேன். ரெண்டு நிமிஷ வேலை."

"இந்தா பாரு, கொடியெல்லாம் நம்ம கையில இல்ல. விடு. அம்மா இருக்கற நிலைமையில மேலயா பாக்கப் போறா?"

"பாப்பா மாமா. அதை மட்டும்தான் பாப்பா."

மாமா தலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஆபீசர் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், பியூனைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எரிந்து விழுகிற ஆளாக இருந்தால் இரண்டு கேள்வி நறுக்கென்று கேட்டிருக்கலாம்.

"உங்க தம்பிக்காக நேத்து நாங்க எல்லாரும் எழுந்து நின்னு மௌனம் அனுசரிச்சோம்மா. எங்க டைப்பிஸ்ட் அழுதுட்டாங்க."

"ரொம்ப நன்றி சார். கொடி மேல இருக்கு."

"ஆமாம்மா. காலையில ஏத்திட்டோம்."

"அதை இறக்கணும் சார். இன்னும் கொஞ்ச நேரத்துல அவனைக் கொண்டு வந்துடுவாங்க."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜையில் இருந்த தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "ஆர்டர்ல தேதி போட்டிருக்கும்மா. நேத்துத் தேதி. நேத்து சூரியன் மறையற வரைக்கும்."

"நேத்து அவன் வரவே இல்லையே சார்."

"தெரியும்மா. டிவியில பாத்தேன். பனிமூட்டம். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"அப்ப நேத்து யாருக்கு இறக்குனீங்க?"

"உங்க தம்பிக்குத்தாம்மா." செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். அரைக்கம்பத்தில் கொடி, கீழே வரிசையாக அலுவலகத்தார், நடுவில் ஆபீசர் தலையைக் குனிந்தபடி. "பாருங்க. மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. நல்லபடியா நடந்துச்சுன்னு பதில்கூடப் போட்டாங்க."

பெரியவள் படத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். ஆள் இல்லாமலேயே இவர்கள் சாவை நடத்தி முடித்து, போட்டோ எடுத்து அனுப்பியும்விட்டார்கள்.

"சார், தேதி என்ன தேதி? அடக்கத்துக்குன்னுதானே ஆர்டர்? அடக்கம் இன்னிக்கு. ஒரு மணி நேரம் பாதியில இறக்கி வையுங்க. வண்டி போனதும் நீங்க எவ்வளவு மேல வேணாலும் ஏத்திக்குங்க."

"அதெப்படிம்மா முடியும்? ஆர்டர் இல்லாம இறக்கினா கொடியை அவமதிச்சதா ஆயிடும். யார் செத்தாங்க, எதுக்கு இறக்கினேன்னு மேல கேப்பாங்க."

"என் தம்பி செத்தான்னு சொல்லுங்க!"

அவள் குரல் வெளி வராந்தா வரை போயிருக்க வேண்டும். தட்டச்சுச் சத்தம் நின்றது. ஆபீசர் கோபப்படவில்லை. மனிதர் கோபப்பட்டால்தானே! தண்ணீர் தம்ளரை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"உக்காருங்கம்மா. நான் கேட்டுப் பாக்கறேன்."

கேட்டுப் பார்த்தார், பாவம். மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டார்; அங்கே பெரிய அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். அடுத்தவருக்குப் போட்டார்; அவர் அது தன் பிரிவில் வராது என்று வேறொரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பரில் ஒரு பெண், தேதி மாறினால் புது ஆர்டர் போட வேண்டும், புது ஆர்டர் போட ராணுவத்திலிருந்து எழுதி வர வேண்டும் என்று பாடம்போல ஒப்பித்தாள். ராணுவத்தில் யாரைக் கேட்பது என்றதற்கு, இருங்கள் என்று சொல்லி லைனில் பாட்டு வைத்துவிட்டாள். ஆபீசர் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பாட்டை இருவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார்மேல் பாய்வது என்றே தெரியவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி ஒருத்தன் கிடைத்தால் போதும் என்று இருந்தது பெரியவளுக்கு. எல்லாரும் நல்லவர்களாக இருந்து உயிரை எடுத்தார்கள்.

அவளுடைய போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"எங்க இருக்க? வந்துட்டாங்க. தம்பியைக் கொண்டு வந்துட்டாங்க."

பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. ஒரே சமயத்தில் பல பெண்கள். அதில் அம்மாவின் குரல் இருக்கிறதா என்று பெரியவள் தேடினாள். இல்லை.

"இறக்கிட்டாங்களா?"

"கூடத்துல வெச்சிருக்காங்க. பெட்டியைத் திறக்கக் கூடாதாம். ரொம்ப நேரம் வெக்கவும் கூடாதுங்கறாங்க, ஏற்கெனவே ஒரு நாள் போயிடுச்சே. நீ உடனே கிளம்பி வா."

"அம்மா என்ன பண்றா?"

"பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அழல. உன்னைத்தான் கேக்கறாங்க."

பெரியவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போனால் தம்பியோடு கொஞ்ச நேரம் இருக்கலாம். பெட்டியைத்தான் என்றாலும் ஒரு தடவை கட்டிப் பிடிக்கலாம். அப்புறம் அம்மாவின் பக்கத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்து இதே சாலையில் வர வேண்டும். "எங்கேடி காட்டறேன்னே?" என்று அம்மா கேட்பாள். கேட்காமல் இருந்தால் அதைவிட மோசம்.

"என்னங்க, நீங்க அம்மாகூட வண்டியில ஏறிக்குங்க. அம்மாவைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. நான் மெயின் ரோட்டுல நிக்கறேன். அங்க ஏறிக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? உன் தம்பிடீ!"

"அதுக்குத்தாங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மேஜைமேல் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"சார், இது வேலைக்காகாது. நான் போய் இறக்கறேன்."

"ஐயய்யோ, அம்மா—"

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதற்குள் பெரியவள் வராந்தாவைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டாள். கம்பத்தின் அடியில் பியூன் நின்றிருந்தார். தினமும் அவளுடைய பஸ்ஸில் முன்சீட்டுக்குப் பின்னால் நின்றபடி தூங்கிக்கொண்டே வருகிற மனிதர்.

"அண்ணே, கயித்தை அவுருங்க."

"நானா? என்னம்மா நீங்க. ஏத்துன்னா ஏத்துவேன், இறக்குன்னா இறக்குவேன். நீங்க சொல்லி எப்படி?"

"அப்ப தள்ளுங்க."

கம்பத்தில் நெஞ்சு உயரத்தில் இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. கயிற்றை அதில் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் உடைந்தது. ஆத்திரத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடித்து இரண்டு கையாலும் ஓர் இழுப்பு இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை, துருப்பிடித்த கொக்கி பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. கொடி சரசரவென்று இறங்கியது. பியூன் "ஐயோ" என்று கண்ணை மூடிக்கொண்டார். தரையைத் தொடப் போகிறது என்று அவள் கயிற்றைத் தாவிப் பிடித்து, கை எரிய எரிய இழுத்து, பாதிக் கம்பம் என்று கண்ணுக்குப் பட்ட இடத்தில் நிறுத்தினாள்.

நிறுத்தியாகிவிட்டது. கட்டுவதற்குத்தான் இடமில்லை. கம்பத்தையே சுற்றிக் கட்டிப் பார்த்தாள். வழவழவென்று பெயின்ட் அடித்த குழாய். காற்று ஒரு வீச்சு வீசியதும் முடிச்சு குழாயில் வழுக்கி மேலே ஏறியது, கொடி கீழே சறுக்கியது. மறுபடி இழுத்துப் பிடித்தாள்.

"அண்ணே, கொஞ்சம் பிடிங்க. ஒரே நிமிஷம்."

பியூன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பிடிச்சா நான் இறக்குனதா ஆயிடும்மா. ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருக்கேன்."

ஆபீசர் மூச்சிரைக்க ஓடிவந்தார். முதல் தடவையாக மனிதருக்குக் கோபம் வந்திருந்தது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ஏத்துங்க! முதல்ல மேல ஏத்துங்க!"

"நீங்களே ஏத்துங்க சார். இந்தாங்க கயிறு."

அவர் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். அவர் தொட்டாலும் கணக்கு அதுதானே. இருவரும் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று முறைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே மின்வாரிய வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடுவது தெரிந்தது. ஓடிய வேகத்தில் திரும்பி வந்தான். கொடிக் கயிற்றை அவிழ்த்தான். மின்வாரியக் கொடி தயங்கித் தயங்கிப் பாதிக்கு இறங்கியது.

ஆபீசரின் வாய் திறந்தபடி நின்றது.

அவருடைய செல்போன் அடித்தது. மின்வாரிய இன்ஜினியரின் குரல் வெளியே கேட்கும்படி கத்தியது. "என்ன சார், உங்களுக்கு மட்டும் புது ஆர்டர் வந்திருக்கு? எங்களுக்கு ஏன் காப்பி வரல? நாங்க என்ன இளக்காரமா? நல்லவேளை வாட்ச்மேன் பாத்தான்."

ஆபீசர் பெரியவளைப் பார்த்தார். பாதியில் பறக்கும் இரண்டு கொடிகளையும் பார்த்தார். ஆர்டர் இல்லை என்று சொன்னால் தன் வாசலில் கொடி ஏன் இறங்கியது என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் ஆர்டரைக் காட்ட வேண்டும்.

"வந்துட்டே இருக்கு சார்," என்றார்.

அதற்குள் தபால் ஆபீசில் ஒருத்தர் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அங்கேயும் இறங்கியது. பத்திரப் பதிவில் கூட்டமாக வெளியே வந்து இறக்கினார்கள். கோர்ட்டில்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. கறுப்புக் கோட்டுகள் வாசலில் நின்று விவாதித்தார்கள், சாலையைக் கைகாட்டினார்கள், கடைசியில் அதுவும் இறங்கியது. நேற்று ஆர்டர்படி செய்த மரியாதையைவிட இன்றைக்குப் பயந்து செய்தது கச்சிதமாக இருந்தது. இவ்வளவு நேரம் கெஞ்சாத கெஞ்சல் கெஞ்சியவளுக்கு, இவர்களுக்கு ஆர்டரைவிடப் பக்கத்து ஆபீஸ்தான் பெரியது என்று தெரிந்தபோது சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கண்ணும் கலங்கியது. துடைக்கக் கை இல்லை.

"சார், எல்லாரும் இறக்கிட்டாங்க. இப்பவாவது யாராவது இதைப் பிடிங்க. நான் வண்டியில ஏறணும்."

"விடாதீங்கம்மா! தயவுசெஞ்சு விடாதீங்க. இப்ப நம்மது கீழ விழுந்தா ஊரே சிரிச்சுடும். நான் மேல பேசிட்டு வந்துடறேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே ஓடினார்.

சாலை திருப்பத்தில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. முன்னால் இரண்டு ராணுவ ஜீப். அதற்குப் பின்னால் பூவால் மூடிய வண்டி மெதுவாக ஊர்ந்து வந்தது. கடைக்காரர்கள் கல்லாவை விட்டு இறங்கி ஓரத்தில் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுக்காரிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்தோடு வந்தாள். கொடிகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்கட்டும், கழுத்து சுளுக்கப் பார்க்கட்டும்.

"யாராவது இங்க வாங்களேன்! இதைப் பிடிங்க!" என்று பெரியவள் கத்தினாள். ஓடுகிற பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு எட்டுகிற குரல். இரைச்சலில் அது பக்கத்து மதிலைக்கூடத் தாண்டவில்லை. வெளிக்கேட்டருகே நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூடப் பொறந்த அக்காடா. அவங்க கையாலயே கொடி இறக்க வெச்சிருக்காங்க," என்றான் ஒருத்தன். கும்பிட்டான். பக்கத்தில் இருந்தவன் செல்போனைத் தூக்கி அவளைப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

"படம் எடுக்காதே, வந்து பிடிய்யா!"

அவன் தலையை ஆட்டி, இன்னும் நன்றாகத் தெரிவதற்காக ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தான்.

வண்டி நேர் எதிரே வந்தது. பெட்டி அவள் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. அவ்வளவு உயரத்தையும் அதில் எப்படி வைத்தார்கள் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடி அவளைக் கொன்றது. டேய் சுண்டு, என்று வாய்க்குள் சொன்னாள். வீட்டுக்காரர் பெட்டியின் ஓரத்தில் நின்றபடி அம்மாவின் தோளைப் பிடித்திருந்தார். அம்மா பெட்டிமேல் வைத்த கையை எடுக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள். கொடியைத்தான் தேடுகிறாள் என்று பெரியவள் நினைத்தாள். கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா! மேல பாரும்மா! மேல!"

அம்மாவின் கண் அவள்மேல் வந்து நின்றது. தேடியது கிடைத்துவிட்ட முகம். பெட்டிமேல் இருந்த கையை முதல் தடவையாக எடுத்து, வா, வா என்று வேகமாக அசைத்தாள். தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். பெரியவள் கயிற்றைக் காட்டினாள், முகவாயால் மேலே காட்டினாள். அம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி வா என்றாள். வண்டி நகர்ந்தது. அம்மா உடம்பைத் திருப்பி, கழுத்தைத் திருப்பி, மின்வாரியத்தைத் தாண்டியும், தபால் ஆபீஸைத் தாண்டியும் இவளையே பார்த்துக்கொண்டு போனாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை. கோர்ட்டு வளைவில் வண்டி மறைந்தது.

கயிற்றை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம்தான். விட்டால் கொடி மண்ணில் விழும். அவன் பேரால் இறங்கிய கொடி, அவன் வண்டி போகும்போது, அத்தனை பேர் பார்க்க. அவளால் முடியவில்லை.

கூட்டமும் கடந்து போயிற்று. நிறுத்தி வைத்திருந்த பஸ்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக் கிளம்பின. கடைக்காரர்கள் திரும்பக் கல்லாவில் ஏறினார்கள். உள்ளேயிருந்து ஆபீசர் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"வந்துடுச்சும்மா! ஆர்டர் வந்துடுச்சு! எல்லா ஆபீசுலயும் இறக்கியிருக்காங்கன்னு சொன்னதும் உடனே போட்டுட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும். நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா!"

பெரியவள் அவரைப் பார்த்தாள். பிறகு வண்டி மறைந்த கோர்ட்டு வளைவைப் பார்த்தாள்.

பியூன் முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். "குடுங்கம்மா. இப்ப நான் பிடிக்கலாம்."

அவள் கையைத் திறக்கப் பார்த்தாள். விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றன. பியூன் கயிற்றை ஒரு கையால் வாங்கிக்கொண்டு, மறு கையால் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"ஓடுங்கம்மா," என்றார். "இன்னும் மண்ணு போட்டிருக்க மாட்டாங்க."

பெரியவள் கேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கினாள். வருகிற பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்கினாள். கை இன்னும் கயிற்றைப் பிடித்திருப்பதுபோலவே மடங்கியிருந்தது.